மாரிப் அணையும் அதைக் காத்த கைகளும்

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள், பாரிசு நகரிற் கூடிய உலக மரபுரிமைக் குழு மூன்று இடங்களைத் தனது பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. உக்கிரேன் நாட்டு ஒடெசா நகரம் ஒன்று. லெபனான் நாட்டுத் திரிப்போலியிலுள்ள கண்காட்சி வளவு மற்றொன்று. மூன்றாவது, யெமன் நாட்டின் மாரிப். பழைய சபா இராச்சியத்தின் அடையாளங்கள் என்ற பெயரால், அணை, கோயில், நகர்மேடு முதலிய ஏழு இடங்கள் அங்கே ஒரு தொகுதியாகக் குறிக்கப்பட்டன. மூன்று நாடுகளின் இடங்களும் வழக்கமான விசாரணைக்குக் காத்திராமல் அவசர முறையிற் சேர்க்கப்பட்டவை. சேர்த்த அன்றே ஆபத்திலுள்ளவை என்னும் இரண்டாம் பட்டியலிலும் பதியப்பட்டவை. பிறப்புப் பதிவும் நோய்ப் பதிவும் ஒரே நாளில் நடந்தன என்று சொல்லலாம். ஒடெசாவைப் பற்றி உலகப் பத்திரிகைகள் பத்தி பத்தியாய் எழுதின. மாரிபுக்கு வாய்த்தவை பெரும்பாலும் அச்செய்தியின் கடைசி இரண்டு வரிகளே.

இதைப் படித்தவர் மனத்தில் எழத்தக்க கேள்வி ஒன்று உண்டு. யெமனிலே குழந்தைகள் உணவின்றி வாடுகின்றன. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து கூடாரங்களிற் கிடக்கின்றனர். அந்த நாட்டில் இடிந்த கோயிலுக்கும் உடைந்த அணைக்கும் ஒரு பட்டியல் எதற்கு? பசித்தவன் முன்னே கல்லைக் கொண்டாடுதல் முறையா? மாணாக்கர் இவ்வாறு கேட்டால், அதனை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. இரக்கத்திற் பிறந்த கேள்வி அது. ஆயினும், மாரிபின் கல்வெட்டுக்களே அதற்கு விடை வைத்திருக்கின்றன என்பது என் கருத்து.

மாரிப், யெமனின் சனா நகருக்குக் கிழக்கே, மலைநாடு முடிந்து பாலைவனம் தொடங்கும் எல்லையில் உள்ளது. கி. மு. 8ஆம் நூற்றாண்டிலேயே சபா என்னும் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது. அசீரிய மன்னனாகிய இரண்டாம் சார்கோன், சபா நாட்டு இத்தம்ரா என்பவனிடம் திறை பெற்றதாகத் தன் கல்வெட்டிலே கூறிக்கொள்கிறான். கிறித்தவ வேதத்தைப் படித்தோர் சேபா நாட்டரசியை அறிவர். இசுலாமியரின் திருமறையில் 34ஆம் அத்தியாயம் சபா என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. அரபு மக்கள் அவ்வரசியைப் பில்கீசு என்பர். மாரிபிற் கிடைத்த கல்வெட்டுக்களில் அப்பெயர் இல்லை. ஊரவர் 'பில்கீசின் சிம்மாசனம்' என்று வழங்கும் இடம், பர்ரான் என்ற பழைய கோயில். அங்கே ஐந்து தூண்கள் முழுமையாயும் ஆறாவது முறிந்தும் நிற்கின்றன. 'பில்கீசின் திருத்தலம்' என்று வழங்குவதும் அவ்வாறே அவ்வாம் என்னும் பெருங்கோயில். எட்டுத் தூண்கள் அதன் வாயிலில் வரிசையாக நிற்கின்றன. இரண்டும் சபா மக்களின் குலதெய்வமாகிய அல்மகாவுக்கு எடுத்தவை. கோயிலை மறந்த மக்கள் அரசியை அதில் இருத்திவிட்டனர். கதைக்கு இருக்கை வேண்டுமல்லவா?

நம்மவரும் இவ்வரசியின் கதையில் ஒரு பங்கு கேட்பதுண்டு. அவள் சாலமோன் மன்னனுக்குக் கொண்டுசென்ற காணிக்கையுள் மயிலும் ஒன்றென்றும், மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நமது 'தோகை' என்பதன் திரிபென்றும் மேடைகளிற் கேட்கிறோம். சொல்லைப் பற்றிய கருத்தைக் கால்டுவெல் ஐயர் தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார், உடன்படாதாரும் உளர். அது நிற்க. அவ்வேதப் பகுதியை உள்ளவாறு படிப்போர்க்கு ஒன்று புலனாகும். மயிலைக் கொண்டுவந்தவை சாலமோனின் மரக்கலங்கள். அரசியின் ஒட்டகங்கள் சுமந்து சென்றவை வாசனைத் திரவியமும் பொன்னும் மணியுமே. தமிழின் பெருமைக்காக அவளுடைய ஒட்டகத்தில் மயிலை ஏற்றவேண்டுவதில்லை.

மாரிபைப் பெருநகராக்கியது நீர். அங்கே பெய்யும் மழை பயிருக்குப் போதாது. மேற்கேயுள்ள மலைகளில் ஆண்டுக்கு இருமுறை பெய்யும் மழை, வாதி தனா என்னும் காட்டாற்றின் வழியே பெருவெள்ளமாய் இறங்கி, சின்னாளிற் பாலை மணலுள் மறைந்துபோகும். அவ்வெள்ளத்துக்குக் குறுக்கே கட்டியதே மாரிப் அணை. கி. மு. 6ஆம் நூற்றாண்டளவில் அது பேரணையாக உருப்பெற்றுவிட்டது. நீளம் ஏறக்குறைய 600 மீற்றர். நடுவே மண்கட்டு, இருமருங்கும், பாறையோடு பொருத்திச் செதுக்குகல்லால் எழுப்பிய மதகுகள். அணை என்றவுடன் பரந்த நீர்ப்பரப்பொன்றை நாம் மனத்திற் கொள்கிறோம். மாரிப் அணையின் தொழில் வேறு. ஓடிவரும் வெள்ளத்தை மறித்து, வயலின் மட்டத்துக்கு உயர்த்தி, வடக்கிலும் தெற்கிலுமாக இருந்த இரு பெருங் கால்வாய்களுள் அது செலுத்தியது. அதனாற் பயன்பெற்ற நிலம் 9,600 ஹெக்டேயர் வரையில் இருந்ததென்று கணக்கிட்டுள்ளனர். திருமறை கூறும் வலப்புறத்துத் தோட்டமும் இடப்புறத்துத் தோட்டமும் இந்த இரு வயற்பரப்புக்களே என்று கொள்வர்.

இனி, அணையின் உள்ளே இருந்த இடரைச் சொல்ல வேண்டும். வெள்ளம் நீரோடு வண்டலையும் கொண்டுவந்து வயலிற் படியவிட்டது. உழவனுக்கு அது நல்லுரம். ஆனால், அதனால் வயலின் மட்டம் ஆண்டொன்றுக்கு ஒரு சதமமீற்றர் அளவில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவன் தன் ஆயுளிற் காணும் ஏற்றம் முழங்காலளவு; கண்டு அஞ்சுதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தால் அதுவே பத்து மீற்றர். மாரிபின் பழைய வயல்களிற் சில இடங்களில் வண்டலின் கனம் 30 மீற்றர் வரை உள்ளது. மேலேறிவிட்ட வயலுக்குப் பழைய கால்வாயின் நீர் எட்டாது. ஆகவே மதகை இடித்து உயரத்திற் கட்டினார்கள். அதற்கேற்ப அணையையும் உயர்த்தினார்கள். உயர்ந்த அணையின் மேல் வெள்ளத்தின் பாரம் முன்னையினும் பெரிதாய் அழுத்தியது. ஊருக்குச் சோறிட்ட வண்டலே அணைக்கு ஆண்டுதோறும் புதுப் பாரத்தையும் கொண்டுவந்தது. ஒருமுறை கட்டிவிட்டு ஓய்ந்திருக்கக்கூடிய அணை அன்று அது. ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்தாக வேண்டியது.

அந்தக் கைவேலையைத்தான் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. கி. பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சபா இராச்சியம் கிமியார் மன்னருக்கு உட்பட்டது. அவர்களின் தலைநகர் சபார் என்னும் மலைநகரம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் பழைய தெய்வங்களைக் கைவிட்டனர். அல்மகாவின் கோயிலிற் பூசை ஒழிந்தது. ஆயினும் அணைவேலை ஒழியவில்லை. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் சரகுபில் யகுபூர் என்னும் மன்னன், உடைந்த அணையைச் செப்பனிட இருபதாயிரம் பேரைத் திரட்டியதாகக் கல்லிற் பொறித்தான். அடுத்த நூற்றாண்டில், 548ஆம் ஆண்டளவில், அபிரகா என்பவன் அதனை மீளக் கட்டினான். அவன் செங்கடலுக்கு அப்பாலிருந்து படையோடு வந்து அரசனாகிவிட்ட கிறித்தவன். அவனது கல்வெட்டு அரசியலறிவு உடையார் படிக்கத்தக்கது. உரோமப் பேரரசிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தூதர் வந்ததை அது கூறுகின்றது. மாரிபிலிருந்த தேவாலயத்தில் வழிபாடு நிகழ்ந்ததைக் கூறுகின்றது. இடையில் கொள்ளைநோய் தோன்றியதால் வேலையாட்களை ஊர்செல்ல விட்டதையும் மறைக்கவில்லை. யான் பெரிதாக எண்ணுவது அதன் இறுதிப் பகுதியை. வேலை செய்தோர்க்கு வழங்கிய மாவு எவ்வளவு, பேரீச்சம்பழம் எவ்வளவு, அறுத்த ஆடுமாடு எத்தனை என்று அங்கே கணக்கு எழுதப்பட்டிருக்கின்றது. அரசரின் சாசனத்திற் சமையற்கட்டுக் கணக்குக்கு இடம் கிடைப்பது அரிது. அணை யாரால் நின்றது என்பதை அபிரகா அறிந்திருந்தான்.

அணையின் முடிவு அதற்குப்பின் நெடுநாள் தாழ்க்கவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் உடைந்த அணை பிறகு கட்டப்படவில்லை. அவ்வெள்ளத்தைத் திருமறை 'அரிம்' வெள்ளம் என்கிறது. இச்சொல் சபா மக்களின் பழைய மொழியில் அணையையே குறிக்கும். மாரிபின் கல்வெட்டுக்களில் வருவது. மொழி மறைந்த பின்னும் ஒரு சொல் அதன் உடைவைச் சுமந்துகொண்டு வேற்று மொழியிற் புகுந்து நிலைத்துவிட்டது.

அரபு மரபுக் கதை வேறு காரணம் சொல்லும். எலியொன்று அணையைக் குடைந்ததாம். ஐம்பது பேர் அசைக்கமாட்டாத கல்லை அது காலாற் புரட்டியதாம். அதனை முன்னறிந்த தலைவன் ஒருவன் இரகசியத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டான். மகனை ஏவிச் சபை நடுவே தன்னை அடிக்கச் செய்தான். மானம் போன ஊரில் இனி இரேன் என்று சொல்லி நிலத்தையெல்லாம் நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டான். வாங்கினவர்கள் வெள்ளத்திற் போயினர். 'சபாவின் மக்களைப் போலச் சிதறினார்கள்' என்பது இன்றளவும் அரபு மொழியிற் பழமொழி. இக்கதையிலே எலியைக் காட்டிலும் அத்தலைவனே என் கருத்தைக் கவர்கிறான். ஆபத்தை அறிந்தவன் ஊரைக் கூட்டி அணையைக் கட்ட முயலவில்லை. விற்றுவிட்டுப் போகும் வழியை நாடினான். அபிரகாவின் காலத்தில் வேலையாட்களைச் சேர்க்கவும் சோறிடவும் ஓர் அரசு இருந்தது. பின்னர்ப் போரும் கொள்ளைநோயும் அரசுரிமைச் சண்டையும் அதனைக் குலைத்தன. சாம்பிராணி வாணிகமும் நெடுநாளைக்கு முன்பே மெலிந்துவிட்டது. வெள்ளம் முன்னும் பலமுறை அணையை உடைத்ததுதான். இம்முறை கட்டுவதற்கு ஆள் கூடவில்லை.

சபா மக்களை அமைதியே உருவானவர்களாக எண்ணவும் வேண்டா. மாரிபுக்கு மேற்கே சிர்வா என்னும் ஊர்க் கோயிலில், கி. மு. 7ஆம் நூற்றாண்டு மன்னனாகிய கரிபில் வதாரின் நெடிய கல்வெட்டொன்று உள்ளது. அவுசான் என்ற அயல்நாட்டை வென்று 16,000 பேரைக் கொன்றதாகவும் 40,000 பேரைச் சிறைப்பிடித்ததாகவும் அதிற் பெருமை பேசுகிறான். அந்நாட்டு மன்னனின் அரண்மனையை அழித்ததோடு அங்கிருந்த கல்வெட்டுக்களையும் அகற்றினானாம். பகைவனின் பெயரைக் கல்லிலும் விடலாகாது என்ற எண்ணம் நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. உரோமரும் மாரிபை நோக்கி வந்தனர். கி. மு. 25ஆம் ஆண்டளவில் ஏலியசு கல்லசு என்பவன் படையோடு வந்து ஒரு நகரை ஆறு நாள் முற்றுகையிட்டு, தண்ணீர் இல்லாமையால் திரும்பிவிட்டான் என்று அவன் நண்பராகிய திராபோ எழுதினார். அந்நகர் மாரிபே என்பர் அறிஞருட் பலர். பேரணை கட்டிய நாட்டிலே படை தண்ணீரின்றித் திரும்பிற்று! ஆனால் அகசுத்தசுச் சக்கரவர்த்தி தம் சாதனைகளைப் பொறித்தபோது, தம் படை மாரிபா வரை சென்றது என்று மட்டும் எழுதினார். திரும்பிய காரணத்தை எழுதவில்லை. மெய்க்கீர்த்தி எந்நாட்டிலும் மெய்க்கீர்த்தியே.

அண்மைக் காலத்தில் மாரிபை உலகுக்குக் காட்டியவர்களுள் முதல்வர் ஆர்னோ என்ற பிரெஞ்சு மருந்தாளர். 1843இற் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுத்தார். 1870இல் ஜோசப் அலேவி என்பவர் யெமனிற் பயணஞ்செய்து நூற்றுக்கணக்கான கல்வெட்டுக்களைக் கொண்டுசென்று புகழ்பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் சனா நகரத்து யூதக் கன்னார் ஒருவர். கயீம் கப்சூசு என்பது பெயர். கல்வெட்டுக்கள் பலவற்றைப் படியெடுத்தது தமது கையே என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அலேவி வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர் இல்லை. 1951இல் அமெரிக்கராகிய வெண்டல் பிலிப்சு அவ்வாம் கோயிலை அகழத் தொடங்கினார். உள்ளூர் அதிகாரிகளோடு பகைத்துக்கொண்டு, 1952 பெப்ரவரியில், கருவிகளையும் கண்டெடுத்தவற்றையும் போட்டுவிட்டு ஓட நேர்ந்தது. பிறகு செருமன் ஆய்வாளர் நெடுங்காலம் இருந்து, மதகையும் வண்டலையும் அளந்து, பர்ரான் கோயிலைச் செப்பனிட்டு 2000ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைத்தனர். அணையைப் பற்றி இன்று நாம் சொல்லும் அளவுகளுள் மிகப் பல அவர்களின் உழைப்பாற் கிடைத்தவை.

மேட்டின் மேல் மண்வீடுகள் நெருங்கியிருந்த பழைய மாரிப் ஊர், 1962இல் தொடங்கிய உள்நாட்டுப் போரிற் குண்டுபட்டுப் பாழாயிற்று. 1984இல் மாரிப்ப் பகுதியில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1986இற் புது அணை ஒன்று பழையதற்கு மேற்புறத்தே எழுந்தது. அதற்குப் பொருளுதவி செய்தவர் அபுதாபி மன்னர் சாயித். அணை உடைந்தபோது சிதறிச் சென்ற மக்களின் வழிவந்தோர் தாம் என்னும் மரபு அவர் குடிக்கு உண்டு. முன்னோரின் ஊருக்கு அணை கட்டிக்கொடுத்தது பழங்கதைக்குத் தகுந்த முடிவாக அன்று தோன்றிற்று.

கதை முடியவில்லை. 2014 செப்டெம்பரில் ஊதி இயக்கத்தார் சனாவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில் சவூதி அரேபியாவின் தலைமையிற் கூடிய நாடுகள் வான்வழியே போர்தொடுத்தன; அக்கூட்டில் அபுதாபியும் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தமார் நகரத்து அரும்பொருட்சாலை, ஏறத்தாழ 12,500 தொல்பொருள்களோடு குண்டுக்கு இரையாயிற்று. அதே மாத இறுதியில் மாரிபின் பழைய அணையிலும் குண்டு விழுந்தது. ஏறக்குறைய இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு நின்ற செதுக்குகல் மதகு சிதைந்தது. போர்க்காலத்திற் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கவென 1954இல் ஹேக் நகரில் ஒப்பந்தம் ஒன்று செய்யப்பட்டது. யெமனும் அதனை ஏற்றது. சவூதி அரேபியாவும் ஏற்றது. ஏற்றதனால் அணைக்கு நேர்ந்த பயன் இது.

இதற்கிடையில் மாரிப் வேறொன்றாகவும் மாறிவிட்டது. மற்றைய மாகாணங்களிலிருந்து ஓடிவந்தோர் அங்கே குவிந்தனர். 2021இல் ஊதிப் படைகள் மாரிபை நெருங்கித் தாக்கியபோது, அம்மாகாணத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பத்து இலட்சத்துக்கு மேல் என்று அரசு கணக்குச் சொன்னது. யெமனின் மிகப் பெரிய ஏதிலிகள் முகாமாகிய அல்சுபைனா மாரிபில் இருந்தது. 'சபாவைப் போலச் சிதறினார்கள்' என்று பழமொழி சொன்ன அதே ஊருக்குச் சிதறியவர்கள் வந்து சேர்ந்தார்கள். 2022 ஏப்பிரல் 2ஆம் நாள் தொடங்கிய போர்நிறுத்தத்தால் நகர் தப்பிற்று. கரிபில் வதாரின் கல்வெட்டு உள்ள சிர்வாவோ பல ஆண்டு போர்முனையிலேயே கிடந்தது.

குண்டினும் மெல்லியதாய், ஓசையின்றி நிகழும் அழிவொன்றும் உண்டு. அது திருட்டு. 2023 பெப்ரவரியில் அமெரிக்க அரசு, கடத்திவரப்பட்ட 77 பொருள்களை யெமன் அரசிடம் ஒப்புவித்தது. அவற்றுள் 64, இறந்தோர் நினைவாகச் செதுக்கிய கற்றலைகள். அவற்றை ஊருக்கு அனுப்பவியலாமல், வாஷிங்டன் நகரத்து அரும்பொருட்சாலையிலேயே காவலில் வைக்க உடன்பாடு செய்தனர். அவ்வாண்டிலேயே நியூயோர்க் நகரத்துப் பெரிய அரும்பொருட்சாலையொன்று, மாரிபுக்கருகிற் கிடைத்த இரு பழம்பொருள்களின் உரிமையை யெமனுக்கு மீட்டளித்தது. பொருள்கள் அங்கேயே இருந்தன. இலண்டனில், வீட்டை அலங்கரிக்கும் பொருள் விற்கும் கடையொன்றில் நான்கு யெமன் நடுகற்கள் அகப்பட்டன. நடுகல் என்றால் என்னவென்று அறிந்த தமிழர்க்கு, அது வரவேற்பறை மூலையிற் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பொருள் திரும்பிவிட்டால் இழப்பு நீங்கிவிடும் என்று எண்ணுதல் பிழை. இதற்குத் தமிழர்க்கு நெருங்கிய சான்று ஒன்று தென்னரபியாவிலேயே உண்டு. மாரிபின் அயல் அரசாகிய கதிரமௌத்துக்குச் சபுவா என்பது தலைநகர். அவ்வரசர் சாம்பிராணி ஏற்றுமதிக்காகக் கடற்கரையில் அமைத்த துறை சும்குரம். இன்று ஓமான் நாட்டில் கோர் ரோரி எனப்படும் இடம். 2006இல் அங்கு அகழ்ந்த இத்தாலிய ஆய்வாளர்க்கு உடைந்த கலத்தின் துண்டொன்று கிடைத்தது. யாரோ அதனை மூடியாக்கிப் புழங்கியிருக்கிறார். அதன்மேல் எழுத்துக்கள் இருந்தன. அவை தமிழ்ப் பிராமி என்றும், 'ணந்தை கீரன்' என்ற பெயர் என்றும் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். அத்துண்டு கிடந்த மண்ணடுக்கைக் கொண்டு அதன் காலம் கி. பி. 1ஆம் நூற்றாண்டு என்று துணிந்தனர். சங்கப் புலவர் பலரின் பெயரிற் கேட்ட கீரன் என்ற ஒலி, சாம்பிராணி நாட்டுத் துறைமுகத்தில் ஒரு வீட்டுச் சமையற்பாண்டத்தின் மேல் கிடந்தது!

இது எவ்வாறு நமக்குக் கிடைத்தது? மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து, உதவாத ஓட்டையும் கழுவிப் பார்த்து, எந்த அறையில் எந்த ஆழத்தில் இருந்ததென்று குறித்துவைத்தவர்கள் இருந்தபடியால் கிடைத்தது. கள்வனுக்கு வேண்டுவது விலைபோகும் கற்றலை. அவன் மண்வெட்டிக்குக் கீரன் ஓர் ஓட்டுத்துண்டு. வீசியெறிந்துவிட்டு மேலே தோண்டுவான். கற்றலையும் தன் இடத்தைப் பிரிந்தபின் யாருடையது, எக்குடியினது, எக்காலத்தது என்று சொல்லும் வாயை இழந்துவிடும். அதனை விமானத்தில் ஏற்றி மீளக் கொண்டுவந்தாலும் அவ்வாய் திறவாது. ஆகவே, காக்கவேண்டியது பொருளை மட்டுமன்று, அது கிடக்கும் மண்ணையும் ஆகும். மண்ணைக் காப்பது பட்டியலின் கையில் இல்லை. பக்கத்தில் வாழும் மனிதர் கையில் இருக்கின்றது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். பசித்தவனா, கல்லா என்று பிரித்துக் கேட்கும்போது, இரண்டும் வெவ்வேறு கணக்கென்று கொண்டுவிடுகிறோம். மாரிபில் அவை ஒரே கணக்கு. 2016இல் யெமனின் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏதென் நகருக்கு மாற்றப்பட்டபின், அரச ஊழியர் பெரும்பாலோர்க்குச் சம்பளம் நின்றுபோயிற்று. நான்காண்டுக்கு மேலாக ஒழுங்கான சம்பளம் காணாத ஆசிரியர் மட்டும் 1,70,000 பேர் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2021இல் அறிவித்தது. அந்நாட்டு ஆசிரியருள் மூன்றிலிரண்டு பங்கினர் அவர்கள். மாதச் சம்பளத்தையே நம்பி வாழும் தொழிலினன் ஆகையால், அந்த எண்ணை யான் எளிதிற் கடந்து போகவில்லை. ஆசிரியர்க்கே இக்கதியென்றால், பாலைவனத்தில் இடிபாட்டைக் காக்கும் காவற்காரனின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இரவில் தோண்டுவோன் நீட்டும் காசு அவன் பிள்ளைகளின் ஒருமாத உணவு. அவனைக் கள்வனென்று ஏசிப் பயனில்லை. அவன் வீட்டில் அடுப்பு எரியாதவரை அவ்வாமின் எட்டுத் தூண்களுக்கும் காவலில்லை.

பட்டியலைக் குறைத்துப் பேசுதல் என் கருத்தன்று. போரிடுவோர் 'அறியாமற் செய்துவிட்டோம்' என்று சொல்லும் வழியை அது அடைக்கின்றது. வெளிநாட்டு நிதியும் நிபுணரும் வருவதற்குரிய கதவையும் திறக்கின்றது. விற்பனைக்கு வரும் மாரிப்ப் பொருளைச் சுங்க அதிகாரிகள் ஐயத்தோடு நோக்கவும் உதவும். ஆயின், சனா நகரமும் சிபாமும் முறையே 1986இலும் 1982இலும் பட்டியலிற் சேர்ந்தவை. அவை 2015இல் ஆபத்துப் பட்டியலுக்குச் செல்வதை முதற் பட்டியல் தடுக்கவில்லை. சபீது நகரமோ போருக்கு முன்பே, 2000ஆம் ஆண்டிலேயே, ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது. அங்கே கெடுத்தது குண்டன்று. பழைய வீடுகளைப் பேண வழியற்ற மக்கள் அவற்றை இடித்துச் சீமெந்தாற் கட்டிக்கொண்டதே காரணம்.

மாரிபில் இனி வரும் நிதியை முதலில் எதற்குச் செலவிடுவது என்பது இக்காரணத்தாற் பெரிய வினா. நிபுணரின் பயணத்துக்கும், அழகிய படங்களோடு அச்சிடும் அறிக்கைக்கும் முதற்பங்கு போய்விடுதல் எங்கும் கண்ட வழக்கம். அல்சுபைனா முகாமிலே கொத்துவேலை தெரிந்தவர் உண்டு. கல் செதுக்கத் தெரிந்தவர் உண்டு. எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞரும் உண்டு. சிதைந்த மதகின் கற்களை எண்ணிட்டு அடுக்குவதற்கும், மணல் மூடும் கோயிலைத் துப்புரவு செய்வதற்கும், மேட்டைச் சுற்றிக் காவல் நிற்பதற்கும் அவர்களையே அமர்த்தலாம். அரசின் பக்கத்திலுள்ள மாரிபிலும், எதிர்ப்பக்கத்தார் கைப்படும் இடங்களிலும், காவல் நிற்போன் எவனாயினும் அவனுக்கு ஒரே சம்பளம் சேர வழிசெய்தல் வேண்டும். இரு பக்கத்தாரும் அதற்கு இணங்குவரா என்றால், கைதிகளை மாற்றிக்கொள்ள இணங்கியவர்கள்தாம். 2020 ஒக்டோபரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு வீடு திரும்பினர். அந்த ஏற்பாட்டை நடத்திய செஞ்சிலுவைச் சங்கத்தைப் போன்ற நடுவர் ஒருவர் சம்பளப் பையையும் கொண்டுசெல்லலாம். அவ்வாறு நடந்தால், வேலையாட்களின் பெயரும், அவர்க்கு அளந்த மாவும் பேரீச்சம்பழமும் குறித்த கணக்கொன்று மாரிபில் மறுபடியும் எழுதப்படும். அபிரகாவின் கல்வெட்டுக்குப் பின் அது ஏறக்குறைய ஆயிரத்து நானூற்றெண்பது ஆண்டுக்கு அப்பாற்பட்டது.